இரண்டு பத்தொன்பதாம் தேதிகள்

ஆகஸ்ட் 18

லோகேஷ் புனேக்குப் போயாயிற்று. கம்பெனியில் புது மெஷின் வருகிறதாம், மூன்று மாதப் பயிற்சி. ஓசூரில் இந்த இரண்டாம் மாடி வீட்டில் இனி நானும் முகியும்தான். முகிக்கு எட்டு மாதம். முழுப்பெயர் நறுமுகை. அப்படிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை, நானும் கூப்பிடுவதில்லை. அம்மா வந்திருப்பாள். அண்ணிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து தர்மபுரியில் மாட்டிக்கொண்டாள்.

போகும்முன் லோகேஷ் தன் பழைய போனைத் தொட்டிலருகே வைத்துவிட்டுப் போனார். சிம் கிடையாது. முகியைத் தூங்கவைக்கும் மழைச் சத்தம் அதில்தான் இருக்கிறது. மருந்துக்கான அலாரமும் அதில்தான். ஜூலையில் முகிக்கு வலிப்பு வந்ததிலிருந்து காலை எட்டு, இரவு எட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்து. கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். மணியோசை வைக்காமல் தன் குரலையே பதிந்துவைத்திருக்கிறார்: “வெண்ணிலா, பாப்பாவுக்கு மருந்து.” முதல் தடவை கேட்டபோது வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

இந்தக் குறிப்பையும் அதில்தான் தட்டுகிறேன். தேதியைப் போனே போட்டுக்கொள்கிறது, ஒரு வேலை மிச்சம்.

ஒரு விளையாட்டும் ஏற்றிவைத்திருக்கிறார். பெயர் ‘பசும்பண்ணை’. “போரடிச்சா வெவசாயம் பண்ணு” என்றார். நான் பி.எஸ்ஸி. கணிதம். கடுகையும் கீரை விதையையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்லத் தெரியாது.

ஆகஸ்ட் 20

பசுவுக்குப் பசித்தால் தலைக்கு மேல் ஒரு புல்கட்டு தெரிகிறது. கோழிக்குத் தாகமென்றால் ஒரு நீர்த்துளி. விரலால் தொட்டுக் கொடுத்துவிட்டால் சின்ன இதயம் ஒன்று மேலே பறந்துபோய் மறைந்துவிடும். முடிந்தது. அந்தப் பசு என்னைச் சந்தேகத்தோடு பார்ப்பதில்லை.

முகி மதியம் அழுதாள். பால் கொடுத்தேன், தள்ளினாள். துணி மாற்றினேன், வயிற்றைத் தடவினேன், தோளில் போட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். ஜூலையில் வலிப்புக்கு முன்னால் இப்படித்தான் அழுதாளா? ஞாபகத்துக்கு வரவில்லை. கண் மேலே சொருகுகிறதா, கை வெட்டுகிறதா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, முடிதான்.

ஆகஸ்ட் 21

கத்தரி முழுக்கக் காய்ந்துவிட்டது. முகி தூங்கவில்லை. நானும்.

ஆகஸ்ட் 23

இந்த விளையாட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது, காத்திருப்பதைத் தவிர. சோளத்துக்கு எட்டு மணி நேரம். விளைந்ததை உரிய நேரத்தில் அறுக்காவிட்டால் சாம்பல் நிறமாகித் தலை சாய்ந்துவிடும். நான் அசந்த நேரம் பார்த்துத்தான் எல்லாம் விளைகிறது. வைரம் வாங்கினால் உடனே விளையவைக்கலாமாம். வைரத்துக்கு நிஜப் பணம். அந்த அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

எதிர்வீட்டு எஸ்தர் அக்கா பால் பாக்கெட்டோடு வந்தார். ஜாக்கெட் தைப்பவர், கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும்.

“இன்னாடி கண்ணு இப்படி உள்ள போயிருக்கு? யாரு மேல கோவம், புருஷன் மேலயா, கொசு மேலயா?”

“தூக்கமில்லக்கா.”

“கொழந்தய என்கிட்ட குடுத்துட்டு ரெண்டு மணி நேரம் படு. நான் என்ன தின்னுடவா போறேன்?”

கொடுக்கவில்லை. அவர் தையல் மெஷின் சத்தத்தில் முகிக்கு வலிப்பு வந்தால்? சத்தத்தால் வலிப்பு வராது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்தான். என் போனை சைலண்டில் போட்டு சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறேன். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்குக்கே முகி தலையைத் திருப்பி விழித்துக்கொள்கிறாள் என்று நேற்று அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.

இரவு எட்டுக்கு லோகேஷ் வீடியோவில் வந்தார். “மருந்து?” என்றார். அவர் கண்முன்னாலேயே கொடுத்தேன். “சமத்து. சரி வெக்கிறேன், நைட் ஷிஃப்டுக்குப் பஸ் வந்துருச்சு.”

ஆகஸ்ட் 24

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கண்டுபிடித்தேன் என்று சொல்லக் கூடாது, யாரோ வீடியோவில் சொன்னது. போனின் அமைப்பில் போய்க் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்தால் போதும். எட்டு மணி நேரம் போய்விட்டது என்று பண்ணை நம்பிவிடுகிறது. திரும்பி வந்து பார்த்தால் சோளம் மஞ்சளாகத் தலையாட்டுகிறது!

ஆனால் கடிகாரத்தைப் பின்னால் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் பண்ணை அப்படியே உறைந்துவிடுமாம், நிஜ நாள் வந்து எட்டிப்பிடிக்கும்வரை. அதனால் முன்னேயே விட்டுவிட்டேன். மருந்து அலாரத்தையும் அதற்கேற்ப மாற்றினேன். கணிதம் படித்தவளுக்குக் கூட்டல் கழித்தல் வராதா?

ஆகஸ்ட் 27

மேலே 27 என்று விழுந்திருக்கிறது. வெளியே இன்று 25தான். போகட்டும், யார் இதைப் படிக்கப்போகிறார்கள்.

பூசணி, தக்காளி, சூரியகாந்தி. இரண்டாவது பசு வாங்கினேன். அறுவடை பண்ணிக்கொண்டிருந்தபோது முகி அழுதாள். பத்து நிமிடம்தான் விட்டேன். பத்தோ இருபதோ. போனபோது தானாகவே அடங்கியிருந்தாள்.

செப்டம்பர் 5

ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கடிகாரத்தைத் தள்ளுகிறேன். ஒவ்வொரு தடவையும் அலாரத்தை மாற்றுவது கட்டுப்படியாகவில்லை. விட்டுவிட்டேன். மனசுக்குள்ளேயே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

நல்ல செய்தி: முகி பகலில் தூங்க ஆரம்பித்திருக்கிறாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நானும் பக்கத்தில் சாய்கிறேன். வெளியே இரண்டு நாளாக மூட்டம், மழை. அறைக்குள் எப்போது பார்த்தாலும் விடிகாலை மாதிரிதான் இருக்கிறது. இன்று அவர் குரல் எழுப்பித்தான் விழித்தேன். “வெண்ணிலா, பாப்பாவுக்கு மருந்து.” திரையில் காலை எட்டு. எழுந்து கொடுத்துவிட்டுப் படுத்தேன். பிறகு எழுந்து பார்த்தால் வெளியே பள்ளி வேன் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் இரண்டு காலை வந்ததுபோல் இருந்தது.

செப்டம்பர் 12

குங்குமப்பூ விதை கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும்விட அதிக நாள் எடுக்கும் பயிர். எனக்கென்ன, ஒரு தள்ளு.

முகி நன்றாகத் தூங்குகிறாள். குக்கர் விசிலுக்குக்கூட அசையவில்லை. எவ்வளவு நாளாக வேண்டிக்கொண்டேன். பாதிப் பாலிலேயே கண் சொருகிவிடுகிறது. தூக்கக் கலக்கம்தான், வலிப்பு இல்லை. வலிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 19

குங்குமப்பூ பூத்துவிட்டது. வயல் முழுக்க ஊதா. அதைப் பார்த்துக்கொண்டே சூடாகக் காபி குடித்தேன். முகி பிறந்தபிறகு ஆறாத காபி இதுதான். ஒரு செடி வாடவில்லை, ஒரு மாட்டுக்கும் பசியில்லை. முகி அழவே இல்லை. இதுவரை எழுதியதிலேயே நல்ல நாள்.

செப்டம்பர் 26

மருந்துப் புட்டி தீர்ந்துவிட்டது. மெடிக்கலில் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வாங்கி இன்னும் மாசம் ஆகலையேம்மா. கொட்டிருச்சா?”

“ஆமாங்க, கொட்டிடுச்சு” என்றேன். கொட்டியிருக்கும். எப்போது என்று ஞாபகமில்லை.

படியேறும்போது எஸ்தர் அக்கா முகியின் கன்னத்தைத் தட்டினார். விரலைச் சொடுக்கினார். கழுத்து டேப்பை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். முன்பெல்லாம் அந்த டேப்பைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்வாள்.

“ஏன்டி, கொழந்த மந்தமா இருக்கு? தல நிக்கவே மாட்டேங்குது. போன மாசம் என் மூக்குத்திய இழுத்தவளா இவ?”

“தூக்கக் கலக்கம்க்கா.”

“எந்நேரமுமா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுதால் ஏன் அழுகிறாள் என்பார்கள், அழாவிட்டால் ஏன் அழவில்லை என்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

முகியை உட்காரவைத்துப் பார்த்தேன். சாய்ந்தாள். மறுபடி வைத்தேன். மறுபடி சாய்ந்தாள். காய்ந்த கத்தரிச் செடி அப்படித்தான் சாயும்.

செப்டம்பர் 30

டாக்டரம்மாவிடம் காட்டினேன். சிறு விளக்கை முகியின் கண்முன்னே இப்படியும் அப்படியும் நகர்த்தினார். முகி பின்தொடரவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டினார். கையைத் தூக்கி விட்டார், அது தொப்பென்று விழுந்தது.

“போன மாசம் தானா உக்காந்தாளே?”

“ஆமா டாக்டர்.”

“மருந்து ரெண்டு வேளை கரெக்டா போகுதா?”

“கரெக்டா குடுக்கிறேன். அலாரமே வெச்சிருக்கோம்.”

வந்த வளர்ச்சி பின்னால் போவது நல்ல அறிகுறி இல்லையாம். மூளையை ஸ்கேன் பண்ண வேண்டும். குழந்தை அசையாமலிருக்க மயக்க மருந்து கொடுத்துத்தான் பண்ணுவார்களாம். நாளை மறுநாள்.

லோகேஷிடம் சொன்னேன். மெஷின் சத்தத்துக்கு நடுவே, “மருந்து ஒரு வேள கூட விடலியே?” என்றார்.

“விடல.”

“சத்தியமா?”

“சத்தியமா ஒரு வேள கூட விடல.”

பஸ் பிடித்து வருகிறேன் என்றார்.

என் வயிற்றிலிருந்து வந்தவளுக்கு மூளையில் ஏதோ இருக்கிறது. என்ன தின்றேன், எங்கே விழுந்தேன் என்று கர்ப்ப காலம் முழுவதையும் ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பண்ணையைத் திறந்தேன். எல்லோருக்கும் பசி. எல்லோருக்கும் கொடுத்தேன். கைக்கு அது ஒன்றுதான் தெரிகிறது.

அக்டோபர் 3

வெளியே செப்டம்பர் 8. இந்தப் போனில் இதுதான் கடைசிப் பொய்த் தேதி. அதைச் சரிசெய்வதற்கு முன்னால் இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் மடியில் முகி, பக்கத்தில் எஸ்தர் அக்கா. அன்றைக்குக் கதவைச் சாத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். லோகேஷின் பஸ் இன்னும் வரவில்லை. மழைச் சத்தம் போடலாமே என்று பழைய போனைக் கொண்டுபோயிருந்தேன். ஆட்டோவில் போகும்போது பண்ணையையும் ஒரு தள்ளு தள்ளியிருந்தேன். ஆமாம், இன்றைக்கும்.

பைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. “வெண்ணிலா, பாப்பாவுக்கு மருந்து.”

நடைபாதை முழுக்கக் கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்தார். “பரவால்லியே, வீட்டுக்காரர் பையிலயே இருக்காரு” என்றார் எஸ்தர் அக்கா. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். என் கை பைக்குள் போய்ப் புட்டியை எடுத்தது, மூடியைத் திறந்தது, சிரிஞ்சில் இழுத்தது. முகியின் உதட்டோரம் கொண்டுபோய்விட்டேன்.

அங்கிருந்த சிஸ்டர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“என்னம்மா பண்றீங்க? வெறும் வயிறா இருக்கணும்னு சொல்லிருக்கோம்ல? இப்ப என்ன மருந்து?”

“எட்டு மணி மருந்து.”

“எட்டா? மணி பதினொண்ணும்மா.”

சுவரில் பெரிய கடிகாரம். பதினொன்று. காலையில் வீட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். எஸ்தர் அக்கா பார்க்கக் கொடுத்தேன். நேற்று? நேற்று விடிந்ததும் கொடுத்தேன். அப்புறம் திரை இழுத்த அறையில் அவர் குரல். அப்புறம் இன்னொரு தரம் அவர் குரல். அப்புறம் வீடியோவில் அவரே. முந்தாநாள்? எண்ண முடியவில்லை. கணிதம் படித்தவளுக்குத் தன் பிள்ளைக்கு எத்தனை தடவை ஊற்றினாள் என்று எண்ண முடியவில்லை.

அதற்குள் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் உள்ளேயிருந்து, “நறுமுகை” என்று கூப்பிட்டார். எழுந்தேன். சொல்லாமல் உள்ளே கொடுத்துவிடலாம். இன்றிலிருந்து சரியாகக் கொடுத்தால் முகி தானாகத் தெளிந்துவிடுவாள், ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பார்கள், யாருக்கும் தெரியாது. இதை நினைத்தேன். எழுதிவைக்கிறேன், நினைத்தேன். ஆனால் உள்ளே இருக்கிற மருந்தின் மேல் இன்னொரு மயக்க மருந்தா? முகியின் தலை என் முழங்கையில் கனத்துக் கிடந்தது.

“குடுக்காதீங்க. எங்க டாக்டரம்மாவக் கூப்பிடுங்க” என்றேன். கத்தினேன் என்று எஸ்தர் அக்கா சொல்கிறார்.

டாக்டரம்மா வந்தார். சொன்னேன். கடிகாரம், சோளம், குங்குமப்பூ, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது.

“ஒரு நாளைக்கு எத்தன தடவ போயிருக்கும்?”

“எண்ணல டாக்டர்.”

“எண்ணாம எப்படிம்மா?”

“அவர் குரல் கேட்டப்பல்லாம் குடுத்தேன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஸ்கேன் வேண்டாம் என்றார். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஊசி குத்தினார்கள். முகி மிகக் கொஞ்சமாக முகம் சுளித்தாள். வார்டில் சேர்த்துவிட்டார்கள். மார்பில் ஒயர் ஒட்டியிருக்கிறது.

செப்டம்பர் 9

போன் தேதியைச் சரிசெய்துவிட்டேன். பண்ணை உறைந்துவிட்டது. பசுவின் தலைக்கு மேல் புல்கட்டு அப்படியே நிற்கிறது, தொட்டால் எடுக்கவில்லை.

ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டிய அளவைவிட மிக அதிகமாம். மெதுவாகத்தான் இறங்கும். ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரலாம். பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. போகும்போது திரும்பி, “நீங்க கடைசியா எப்ப ஒழுங்கா தூங்குனீங்க?” என்று கேட்டார். நானும் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

லோகேஷ் வந்தார். எஸ்தர் அக்கா வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். லோகேஷ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“கேமுக்காகவா?”

“ம்.”

“தெனமும் கேட்டேனே வெண்ணிலா. தெனமும் மருந்து மருந்துன்னு கேட்டேனே.”

“மருந்த மட்டும்தான் கேட்டீங்க.”

சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னுடையது. ஆனால் சொன்னேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். பழைய போனை எடுத்து அந்தக் குரலை ஓடவிட்டார். இன்னொரு முறை ஓடவிட்டார்.

“அதட்டுற மாதிரி இருக்கு” என்றார்.

முகியின் ஒரு பாதத்தை அவர் பிடித்துக்கொண்டார், இன்னொன்றை நான்.

செப்டம்பர் 11

காலையில் முகி என் தாலிக்கயிற்றைப் பிடித்தாள். பிடித்தாளா, கை பட்டதா தெரியவில்லை. லோகேஷ் பிடித்தாள் என்கிறார்.

பிறகு இடது கை வெட்டியது. கொஞ்ச நேரம்தான், வார்டு சிஸ்டர்களே பார்த்துக்கொண்டார்கள். இப்போது தூங்குகிறாள். தூங்கினாலே பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 19

இந்தத் தேதியை ஏற்கெனவே ஒரு முறை எழுதிவிட்டேன். பட்டியலில் இரண்டு பத்தொன்பது நிற்கின்றன.

வீட்டுக்கு வந்தாயிற்று. லோகேஷ் பயிற்சியைத் தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறார், கம்பெனி இன்னும் பதில் சொல்லவில்லை. மருந்துப் புட்டி எஸ்தர் அக்கா வீட்டில் இருக்கிறது. அது லோகேஷின் ஏற்பாடு. காலையும் மாலையும் அக்கா புட்டியோடு வருவார், கொடுப்பார், எடுத்துப்போவார். முதல் நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஊரு ஒலகத்துல எவளும் பண்ணாததயா பண்ணிட்ட? நான் சின்னவன கட்டில்ல மறந்துட்டு ஜாக்கெட் தச்சிட்டிருந்தேன், உருண்டு விழுந்தான். இப்ப பத்தாவது படிக்கறான், இன்னும் உருண்டுட்டுதான் இருக்கான்” என்றார். சிரிக்க முயன்றேன். ஆனாலும் அவர் புட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

முகி இன்னும் பழையபடி உட்காரவில்லை. மாதக்கணக்கில் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

இன்று மதியம் சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி போட்டேன். நாற்காலியிலிருந்து இறங்கித் திரும்பினேன். தொட்டிலில் முகி தலையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிக் டிக்குக்கு. பிறகு உதடு பிதுங்கியது, முகம் சிவந்தது, வீடு அதிர அழுதாள். பால் வேண்டாம். துணி ஈரமில்லை. தோளில் போட்டேன், நிறுத்தவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். எதற்கு அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை, தலைக்கு மேல் ஒன்றும் காட்டவில்லை. காபி ஆறி ஆடை கட்டிப்போயிற்று.

முந்தைய பத்தொன்பதை அழிக்கவில்லை. அதில், ‘முகி அழவே இல்லை. இதுவரை எழுதியதிலேயே நல்ல நாள்’ என்று இருக்கிறது.

போதும், மறுபடி அழுகிறாள். போகிறேன்.